திரையிலேயே இருந்த பதில்

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது கெட்டுப்போனால் நாம் எப்படி உதவுகிறோம் என்பதைப் பற்றிய குறிப்பு இது. விமர்சனம்னே வச்சுக்கலாம். விமர்சிக்கப்படுபவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். சின்னாளபட்டி நெசவாளர்களிடம் எடுத்த பேட்டிகள்தான் அவளுடைய மூலப்பொருள். அவளுடைய பழைய லேப்டாப்பில் ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டியைப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தது நான். டைம்ஷிஃப்ட் தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும்படி அமைத்தேன். நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவையும் “எதுக்கும் வச்சுக்கோ”ன்னு கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலை, கடவுச்சொல்லைக் கொடுத்தால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு, மறுபடி கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே வந்து நின்றது. எத்தனை முறை போட்டாலும் அதேதான். அடுத்த நாள் அவள் நெறியாளருக்கு ஓர் இயலை அனுப்ப வேண்டும். எனக்கு நான்கு முறை போன் செய்திருக்கிறாள். நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன், எடுக்கவில்லை.

அவளே தேடினாள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போ. உன் கோப்புறையில் இருக்கும் எக்ஸ்அதாரிட்டி கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு, பழையதை அழி என்றது முதல் பதில். செய்தாள், சரியாகவில்லை. டிஸ்ப்ளே மேனேஜரை மறுபடி நிறுவு என்றது இரண்டாவது. அதையும் செய்தாள். கிராஃபிக்ஸ் டிரைவரை நீக்கிப் பார் என்றது மூன்றாவது. நான்காவது பதில் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பேசாம புதுசா போட்டுடு. பென்டிரைவ் கையில் இருந்தது. டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவும் தெரிவும் திரையில் கண்ணெதிரே இருந்தது.

மாலையில் வாட்ஸப்பைத் திறந்தேன். “அண்ணா, இது என்னன்னு பாரு”ன்னு காலையிலேயே ஒரு படம் அனுப்பியிருந்தாள். முதல் பதிலைச் செய்து பார்த்தபோது எடுத்தது. நகலெடுக்கும் கட்டளைக்குக் கீழே ஒரே ஒரு வரி: ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’. டிஸ்க் நிரம்பிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே நடந்தது இதுதான். நாம் உள்நுழையும்போது வரைகலைத் திரை நம் கோப்புறையில் ஒரு சிறு கோப்பை எழுதப் பார்க்கும். இடமே இல்லையென்றால் எழுத முடியாது. அமர்வு செத்துப்போய் பழைய இடத்துக்கே திரும்பும். அப்படியானால் இரண்டாவது, மூன்றாவது கட்டளைகள் மட்டும் எப்படி ஓடின? ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை, வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். சூடோ போட்டு ஓடும் எதற்கும் அந்த இடம் கிடைக்கும். அதனால் சிஸ்டம் பூட் ஆகும், தொகுப்புகள் நிறுவப்படும், எல்லாம் நல்லபடியாக இருப்பது போலவே தெரியும். உரிமையாளரால் மட்டும் உள்ளே நுழைய முடியாது.

டிஸ்க்கை நிரப்பியதில் பெரும்பங்கு நான் அமைத்த டைம்ஷிஃப்டுக்கு. அதே டிஸ்க்கில் ஸ்னாப்ஷாட்களைக் குவித்து வைத்திருந்தது. சொல்லப்போனால், டைம்ஷிஃப்ட் இயல்பாக நம் சொந்தக் கோப்புகளைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. ஆக, நான் பாதுகாத்தது அரை மணி நேரத்தில் மறுபடி போட்டுவிடக்கூடிய சிஸ்டத்தை. அவளுடைய பேட்டிகளை அல்ல. பதினொரு பேட்டிகளின் ஒலிப்பதிவும் போனது. ஃபோட்டோரெக் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

“யூசர் படிக்கலை, அவ்வளவுதான்”னு இதற்குச் சிலர் பதில் சொல்வார்கள். இந்தப் பதிலைத்தான் நான் மறுக்கிறேன்.

2021 நவம்பரில் யூடியூபில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு சம்பவம் உண்டு. லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் நிறுவப் போனார். மென்பொருள் கடை வழியாக முயன்றபோது நிறுவ மறுத்துவிட்டது. டெர்மினலில் போட்டுப் பார்த்தார். அத்தியாவசியத் தொகுப்புகள் நீக்கப்படப் போகின்றன, என்ன செய்கிறோம் என்று சரியாகத் தெரியாவிட்டால் இதைச் செய்யாதே என்று ஏபிடி எச்சரித்தது. தொடர வேண்டுமானால் ‘எஸ், டூ ஆஸ் ஐ சே!’ என்று முழுதாகத் தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தார். டெஸ்க்டாப்பே போய்விட்டது.

அப்போதும் பாதிப் பேர் “படிக்காம அடிச்சா இப்படித்தான்”னு சிரித்தார்கள். ஏபிடியை எழுதுகிறவர்கள் சிரித்ததோடு விடவில்லை. 2.3.12 பதிப்பிலிருந்து, அத்தியாவசியத் தொகுப்புகளை நீக்குவதை ஒரு தீர்வாக எடுத்துக்கொள்வதையே ஏபிடி நிறுத்திக்கொண்டது. அந்தக் கருவியை எழுதியவர்களே மாற்றம் கருவியில் வேண்டும் என்று கண்டார்கள். நம் ஆட்கள்தான் இன்னும் யூசரையே திருத்திக்கொண்டிருக்கிறோம்.

யோசித்துப் பாருங்கள், படிக்கக் கூடாது என்று புதியவருக்குப் பழக்கிவிட்டதே நாம்தான். டெர்மினலிலிருந்து எந்த வரைகலைச் செயலியைத் திறந்தாலும் நாலைந்து ‘வார்னிங்’ கொட்டும். “அதைக் கண்டுக்காதே”ன்னு சொல்வோம். பூட் ஆகும்போது ஏதோ ‘ஃபெயில்டு’ என்று வரும். “அது அப்படித்தான்”னு சொல்வோம். டிஸ்க் நிரம்பப் போகிறது என்ற அறிவிப்பு என் தங்கைக்கு ஒரு வாரமாக வந்திருக்கிறது. மற்றதை மூடியது போலவே அதையும் மூடியிருக்கிறாள். பத்து முறை கண்டுக்காதே என்றவர்கள், பதினோராவது முறை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

இன்னொரு பக்கம், நாம் கொடுக்கும் பதில்களின் வடிவம். அவை மருந்துச் சீட்டுகள் மாதிரி இருக்கின்றன: இந்த மூன்று வரியை ஒட்டு, என்டரைத் தட்டு. யாருக்கு, எந்தப் பதிப்பில், என்ன அறிகுறிக்கு என்ற விவரமே இருக்காது. ஆனால் லினக்ஸின் உள்ளுறுப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. உபுண்டு 2015இல் 15.04 பதிப்பில் சிஸ்டம்டிக்கு மாறியது. ஒலிக்குப் பல்ஸ்ஆடியோ இருந்த இடத்தில் 22.10 முதல் பைப்வயர் வந்துவிட்டது. பழைய பதில் அன்று சரி, இன்று வேறு இயந்திரத்துக்கான மருந்து. இலவசமாக, நல்ல மனதோடு எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படிப் பல எழுதியவன்தான். ஆனால் மருந்தோடு நோயறியும் வழியையும் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம்.

அந்த வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதல் கட்டளையைத் தட்டும் முன் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, கடைசியாக என்ன மாறியது? ஏபிடி தான் நிறுவியதையும் நீக்கியதையும் தேதி போட்டு ஹிஸ்டரி பதிவில் எழுதி வைக்கிறது. இரண்டு, இடம் இருக்கிறதா? டிஎஃப் என்ற இரண்டெழுத்துக் கட்டளை அதைச் சொல்லிவிடும், எதையும் மாற்றாது. மூன்று, சிஸ்டம் என்ன சொல்கிறது? ஜர்னல்சிடிஎல்லில் இந்த பூட்டில் வந்த பிழைகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். ஏபிடியில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரி பிழை, ‘டபிள்யூ’வில் தொடங்குவது எச்சரிக்கை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். நான்கு, இதைச் செய்தால் திரும்பி வர முடியுமா? முடியாதென்றால் முதலில் கோப்புகளை வெளியே எடு.

நான்காவதுதான் என்னை உறுத்துகிறது. எல்லாவற்றையும் அழித்த அதே பென்டிரைவில் பூட் செய்து, நிறுவலைத் தொடாமல் கோப்பு மேலாளரைத் திறந்திருந்தால், பழைய டிஸ்க் இடது பக்கத்திலேயே தெரிந்திருக்கும். குறியாக்கம் எதுவும் போடவில்லை. அவளுடைய கோப்புறையை வேறொரு டிரைவுக்கு இழுத்துப் போட்டிருக்கலாம். பத்து நிமிட வேலை. நிறுவியைக் கையில் கொடுத்தபோது இதை நான் சொல்லித் தரவில்லை. நாள் முழுக்க அவள் படித்த பதில்களிலும் யாரும் சொல்லவில்லை.

பிறகு அவள் மறுபடி சின்னாளபட்டிக்குப் போனாள். ஒன்பது பேர் மீண்டும் பேசினார்கள். கதை அதேதான், ஆனா முதல் தடவை சொன்ன மாதிரி சொல்லலை என்கிறாள். இப்போது அவள் வேறு இயங்குதளத்தில் எழுதுகிறாள். திரும்பி வா என்று நான் கேட்கவில்லை.

இந்த வாரம் ஒரு நண்பருக்கு மின்ட் போட்டுக் கொடுத்தேன். நிறுவ இருபது நிமிடம் ஆனது. பென்டிரைவில் பூட் செய்து அவருடைய கோப்புகளை அவரே வெளியே எடுத்துப் பார்க்க இன்னொரு இருபது நிமிடம். ஸ்னாப்ஷாட்களை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்தேன். “இதெல்லாம் இப்பவே எதுக்குங்க?”ன்னு கேட்டார். மேலே எழுதியதைத்தான் அவரிடமும் சொன்னேன்.