மழையளவும் வெளியேற்றமும்: ஏலமலையிலும் இலங்கை மலையகத்திலும் நிலச்சரிவு முன்னெச்சரிக்கை

மலைச்சரிவில் மண் இறங்குவதற்கு முன்பே அங்கு வாழ்வோரை வெளியேற்றும் பொறுப்பு, இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே ஆண்டில் சட்ட வடிவம் பெற்றது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 மே மாதம் இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. கடல் கொண்டுவந்த சட்டங்கள் இவை. ஆனால் இரண்டு நாடுகளிலும் இவற்றின் வலுவையும் ஓட்டையையும் அதிகம் காட்டிக்கொடுத்தது மலைதான்.

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், ஏலமலையின் அடிவாரத்தில் உள்ளது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போடி வட்டாரத்திலிருந்து தொழிலாளர்கள் அதிகாலையில் ஜீப்பில் ஏறிச் சென்று மாலையில் திரும்புகிறார்கள். விளைந்த காய் மீண்டும் மலையிறங்கி, நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்குப் போடிக்கு வருகிறது. குடியிருப்பு ஒரு மாநிலத்தில், வேலை இன்னொரு மாநிலத்தில் என்பதே இந்த மலையின் வாழ்க்கை. எச்சரிக்கை ஏற்பாடோ மாநிலம் மாநிலமாக, மாவட்டம் மாவட்டமாகப் பிரிந்து கிடக்கிறது.

மழையின் கணக்கும் இங்கே இரட்டை. மூணாறு, தேவிகுளம் பக்கத்து மேற்குச் சரிவுகளை ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நனைக்கும். போடி அப்போது மழைமறைவில் இருக்கும். கிழக்குச் சரிவுக்கு ஆபத்தான மாதங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டகுடி ஆறு பெருக்கெடுக்கும். இலங்கை மலையகமும் இப்படியே இரண்டாகப் பிரிகிறது. மேற்கே கேகாலையும் இரத்தினபுரியும் மே, ஜூன் மாதங்களில் அஞ்சும். கிழக்கே பதுளை ஆண்டின் கடைசி மாதங்களில் அஞ்சும். அரநாயக்கவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சரிவு 2016 மே 17 அன்று நேர்ந்தது. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் இறங்கியது 2014 அக்டோபர் 29 அன்று. மழைக் காலண்டரைப் பார்த்தால் போடிச் சரிவு, பக்கத்திலுள்ள மூணாறைவிடக் கடல் கடந்த பதுளைக்கே நெருங்கிய உறவு. தேனி மாவட்டம் பாடம் கற்கக் கேரளத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இது ஒரு காரணம்.

சரிவு நிகழும் விதம் எங்கும் ஒன்றுதான். பாறையின் மேல் படிந்த மண்ணில் மழைநீர் இறங்கி இடைவெளிகளை நிரப்புகிறது. நீரின் அழுத்தம் கூடக்கூட மண்ணின் பிடிப்புக் குறைகிறது. ஒரு கட்டத்தில் மொத்தப் படலமும் நழுவுகிறது. மனிதர் செய்யும் வேலைகள் அந்தக் கட்டத்தை முன்கூட்டியே வரவழைக்கின்றன. சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டுவது அவற்றில் முதன்மையானது: மூணாறு–போடிமெட்டு நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது கேப் ரோடு பகுதியில் 2019, 2020 ஆண்டுகளில் மலை திரும்பத் திரும்பச் சரிந்தது. நிழல்மரங்களைக் கழித்துவிடுவதும், பாசனத்துக்காகத் தோட்டத்தின் மேட்டில் வெட்டும் படுதாக் குளங்களும் ஏலமலைக்கே உரிய சுமைகள். வறட்சி ஆண்டில் ஏலச்செடியைக் காக்க வெட்டிய குளம், அடைமழையில் சரிவின் தலைமேல் நிற்கும் நீராக மாறிவிடுகிறது. வறட்சிக்கான முன்னேற்பாடு சரிவுக்கான ஆபத்தாகும் இந்த முரணை இரண்டு நாட்டுத் திட்டங்களும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

இலங்கையின் ஏற்பாடு ஒரே நிறுவனத்தைச் சுற்றி அமைந்தது. 1984இல் தொடங்கிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் மலை மாவட்டங்களின் மண்சரிவு அபாய வரைபடங்களை 1:10,000 என்ற நுணுக்கமான அளவில் தயாரித்து வருகிறது. அந்த அளவில் தோட்டத் தொழிலாளர் வாழும் ஒரு லயன் (லயம்) வரிசையையும் ஓர் ஓடையையும் அடையாளம் காணலாம். எச்சரிக்கையை வெளியிடுவதும் அதே நிறுவனம்தான். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை பெய்தால் விழிப்பு, 100 மி.மீ. தாண்டினால் தயார்நிலை, 150 மி.மீ. தாண்டினால் வெளியேற்றம் என்று மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகள். ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினாலும் வெளியேற வேண்டும். எச்சரிக்கை மாவட்டத்துக்குப் பொதுவாக அல்ல, பிரதேச செயலகப் பிரிவின் பெயரைச் சொல்லியே வருகிறது. கிராம உத்தியோகத்தர் வழியாக ஊருக்குப் போகிறது. அபாயப் பகுதிகளில் தானியங்கி மழைமானிகளோடு, ஊர்க்காரர்களே பார்த்து எழுதும் எளிய மழைமானிகளும் வைக்கப்பட்டன.

இந்த முறையின் உண்மையான சிறப்பு தொழில்நுட்பத்தில் இல்லை. 150 என்பது யாரும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய, யாரும் தன் முற்றத்தில் சரிபார்க்கக்கூடிய ஓர் எண். கொழும்பிலிருந்து செய்தி வராவிட்டாலும், மழைமானிக் குழாயில் நீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் ஊர் தானாகவே கிளம்பலாம். குறையும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. ஏற்கெனவே ஒரு வாரம் நனைந்த சரிவு 80 மி.மீ.யிலும் இறங்கும், காய்ந்த சரிவு 200 மி.மீ.யைத் தாங்கிவிடும். இரண்டு மூன்று முறை வெளியேறி ஒன்றும் நேராமல் திரும்பியவர்கள் நான்காவது முறை தயங்குவது இயல்பு.

இந்தியாவில் இதே பணி பல கைகளில் பிரிந்துள்ளது. மழையை இந்திய வானிலை ஆய்வு மையம் கணிக்கிறது. சரிவை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் ஆராய்கிறது. 2014இல் அது தொடங்கிய தேசிய வரைபடத் திட்டத்தின் அளவு 1:50,000. இதில் மலைத்தொடரின் போக்கு தெரியும், லயம் தெரியாது. பிரிட்டிஷ் ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய லேண்ட்ஸ்லிப் திட்டத்தின் வழியே டார்ஜிலிங், நீலகிரி வட்டாரங்களுக்குச் சோதனை முறையில் நிலச்சரிவு அறிவிக்கைகள் தரப்பட்டன. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையம் தொடங்கியது. அது தொடங்கிய அதே மாதத்தின் 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; எச்சரிக்கை வந்ததா இல்லையா என்று மத்திய அரசும் மாநில அரசும் வெளிப்படையாக வாதிட்டன. பொறுப்பு பிரிந்து கிடந்தால் இப்படித்தான் முடியும்.

மழை எச்சரிக்கையில் மாவட்டத்துக்கு ஒரு நிறம் என்ற வழக்கமும் மலைக்குப் பொருந்துவதில்லை. இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால், சமவெளியை ஒட்டிய தொடுபுழைக்கும் உயரத்தில் இருக்கும் உடும்பன்சோலைக்கும் அது ஒரே செய்தி. அத்தகைய நாட்களில் மாவட்ட நிர்வாகம் தோட்ட வேலைக்குத் தடை விதிப்பதும் மலைச்சாலையில் இரவுப் போக்குவரத்தை நிறுத்துவதும் உண்டு. அந்த உத்தரவு போடியில் ஜீப் ஏறுபவருக்குப் பொழுது விடியும் முன் போய்ச் சேர்கிறதா என்பதே எல்லைப்புறத்தின் கேள்வி. மேலே இரவில் பெய்த மழையின் அளவு, கீழே ஜீப்புகள் நிற்கும் இடத்தில் எழுதிப் போடப்பட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை.

நுட்பமான கருவிகளில் இந்தியா பின்தங்கவில்லை. மூணாறு அந்தோணியார் காலனியில் 2005இல் மண் சரிந்த இடத்திலேயே, அமிர்தா பல்கலைக்கழகம் 2009இல் கம்பியில்லா உணரிகளைப் புதைத்தது. மண்ணுக்குள் நீரழுத்தம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை அவை இடைவிடாமல் அளக்கின்றன. இலங்கை எண்ணின் குறை இங்கே தீர்கிறது: அந்தக் குறிப்பிட்ட சரிவு எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதே நேரடியாகத் தெரிகிறது. ஆனால் அது ஒரு சரிவுக்கான ஏற்பாடு. ஆயிரக்கணக்கான சரிவுகள் உள்ள மலையில் எல்லாவற்றிலும் உணரி புதைக்க முடியாது. உணரி சிலவற்றுக்கு, மழைமானி மற்ற எல்லாவற்றுக்கும் என்ற பிரிவினையே நடைமுறைக்கு உகந்தது.

மழைமானி இருந்தும் பயன்படாமல் போகலாம் என்பதற்குப் பெட்டிமுடி சான்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் ராஜமலையை ஒட்டிய அந்தத் தேயிலைத் தோட்டத்தின் லயங்கள் மேல் மலை இறங்கியது. இறந்தவர்கள் 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அந்த வட்டாரத்தில் அன்று 600 மி.மீ.க்கு மேல் மழை பதிவானது. இலங்கைக் கணக்கில் வெளியேற்ற அளவைப் போல நான்கு மடங்கு. பெருந்தோட்டங்களில் மழைக்கணக்கு எழுதுவது பிரிட்டிஷார் காலத்து வழக்கம். அந்தக் கணக்கு கொழுந்துக்கும் உரத்துக்குமானதாகவே இருந்தது. இத்தனை மில்லிமீட்டரில் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று யாரும் அதில் கோடு போடவில்லை. மின்சாரமும் தொலைபேசியும் செயலற்றுப்போனதால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று.

மீரியபெத்தையில் கதை நேரெதிர். அங்கே எச்சரிக்கை இருந்தது. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம் மாற்ற வேண்டும் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. 2014இல் காலை நேரத்தில் சரிவு வந்தபோது, பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள் புதைந்தார்கள். போவதற்கு வேறு நிலம் தரப்படாதவரிடம் போகச் சொல்வது எச்சரிக்கை ஆகாது. லயன் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் வாழ்பவருக்கு அடிநிலமும் இல்லை, இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லை. இரண்டு இடங்களிலும் மாற்று வீடு சாவுக்குப் பிறகே வந்தது: பெட்டிமுடியில் தப்பிய எட்டுக் குடும்பங்களுக்கு மூணாறு குட்டியாறு பள்ளத்தாக்கில் 2021இலும், மீரியபெத்தைக் குடும்பங்களுக்கு 2016இலும்.

மொழியும் ஒரு தடை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைக் கடந்தபோது மலையகம் முழுவதும் மண்சரிவுகள் நேர்ந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் அதிகம் இழந்தன. சிவப்பு எச்சரிக்கைகள் வெளியான போதும், அவசரச் செய்திகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற கடும் விமர்சனம் எழுந்தது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் இன்று தமிழரோடு ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தோரும் வேலை செய்கிறார்கள். மலையாளத்தில் மட்டும் வரும் அறிவிப்பு அங்கே பாதித் தோட்டத்துக்குக் கேட்காது.

அண்டை நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு பேரிடருக்குப் பிந்தைய நாட்களில் வலுவாக இருக்கிறது. டிட்வாவின்போது இந்தியா சாகர் பந்து என்ற பெயரில் மீட்புப் படையையும் கப்பல்களையும் அனுப்பியது. அறுந்த சாலைகளில் பெய்லி பாலங்கள் அமைத்தது. இயற்கைப் பேரிடர்களில் விரைந்து உதவுவதற்கான சார்க் ஒப்பந்தம் 2011இல் கையெழுத்தானது என்றாலும், நடைமுறையில் உதவி இருநாட்டு உறவின் வழியாகவே போகிறது. முன்கணிப்பிலும் ஒரு பொது ஏற்பாடு உண்டு: 2020 அக்டோபரில் இந்திய வானிலை ஆய்வு மையம் தொடங்கிய தெற்காசியத் திடீர்வெள்ள வழிகாட்டு முறை, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளுக்கு 6 முதல் 24 மணி நேரம் முன்கூட்டித் தகவல் தருகிறது. நிலச்சரிவுக்கு அத்தகைய பொது முறை இன்னும் உருவாகவில்லை. இலங்கையின் மழையளவுப் படிகளை ஏலமலையில் சோதித்துப் பார்க்கவோ, மூணாறின் உணரி அனுபவத்தைப் பதுளைக்குக் கொண்டுபோகவோ பெரிய ஒப்பந்தம் வேண்டியதில்லை. இரண்டு நிறுவனங்கள் பதிவேடுகளை மாற்றிக்கொண்டாலே போதும்.

பேரிடர்த் திட்டம் என்ற பெயர் இல்லாமலே ஆபத்தைக் குறைக்கும் ஒரு கூட்டுவேலையும் நடந்துகொண்டிருக்கிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் மலையகத் தோட்டங்களில் முதலில் 4,000 வீடுகள் தொடங்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயனை விட்டு, தங்கள் பெயரில் உள்ள நிலத்துக்குக் குடும்பங்கள் மாறுவதே இதன் நோக்கம். இலங்கையில் 2011 முதல் மண்சரிவுப் பகுதிகளில் கட்டடம் எழுப்பக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்பதால், வீட்டுக்கான மனையும் அந்தச் சோதனைக்கு உட்பட்டது. மூணாறு மலையின் லயங்களுக்கும் இத்தகைய திட்டம் வேண்டும்.