புரவலரும் பட்டதாரி ஓவியரும்: அமெரிக்கத் தனியார் கொடை பற்றிய ஒரு நோக்கு

கலைஞனைப் பேணுவோர் யார் என்னும் வினா, கலை விமர்சனத்திலே பெரும்பாலும் துணை வினாவாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஒரு படைப்பின் உருவம், உள்ளடக்கம், உத்தி ஆகியன பற்றி விரிவாக ஆராய்வோரும், அது உருவாகிய மாதங்களிலே படைத்தவனின் வீட்டு வாடகையைக் கொடுத்தவர் யார் எனக் கேட்பதில்லை. அவ்வாறு கேட்பது கலையின் மாண்பைக் குறைப்பதாகும் எனக் கருதுவோரும் உளர். ஆனால், கலைஞனின் வயிற்றுப்பாடு எவ்வழியில் தீர்க்கப்படுகின்றது என்பதற்கும், ஒரு சமூகத்தில் எவர் கலைஞராக நிலைக்கின்றனர் என்பதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. இத்தொடர்பினை விளங்கிக்கொள்ளும் பொருட்டு, ஐக்கிய அமெரிக்காவிலே பட்டப்பின் படிப்பை முடித்து வெளியேறும் இளம் ஓவியர்க்கும் சிற்பிகளுக்கும் தனியார் நிதியங்கள் வழங்கும் கொடையை இங்கு நோக்க விரும்புகிறோம். அக்கொடை நன்றா தீதா எனத் தீர்ப்புக் கூறுவது எமது நோக்கமன்று. அது எத்தகைய சமூக உறவு என்பதே எமது வினா.

அமெரிக்காவில் ஓவியக் கல்வி பல்கலைக்கழகத்தினுள் பெருமளவில் இடம்பெறத் தொடங்கியது இரண்டாம் உலகப் போரின் பின்னராகும். 1944ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழியாகப் போர்வீரர் பலர் அரச செலவிலே உயர்கல்வி பெற்றனர். கலைத்துறைகளும் அதனாற் பெருகின. 1977இல் அந்நாட்டின் கல்லூரிக் கலைச் சங்கம், நுண்கலை முதுமாணிப் பட்டத்தைப் படைப்புக் கலைத்துறையின் இறுதிப் பட்டமாக ஏற்றுக்கொண்டது. கலைஞராவதற்குப் பட்டம் வேண்டும் எனச் சட்டம் எதுவும் இல்லை. எனினும், ஆசிரியப் பதவி, காட்சிக்கூடத் தொடர்பு, விமர்சகர் அறிமுகம் ஆகியன யாவும் படிப்படியாக அப்பட்டத்தைச் சுற்றியே அமையலாயின. அன்று அரச செலவிலே கற்றவர்களின் இடத்தில், இன்று பெருங்கடன்பட்டுக் கற்போரே பலர். பட்டம் பெற்ற நாளின் மறுநாள் அவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் வேலைக்கூடமும் இல்லை, கருவிகளும் இல்லை. கடன் மட்டுமே எஞ்சுகின்றது. கலையைக் கைவிடுவோரிற் பலர் கைவிடுவது இந்த இடைவெளியிலேதான் எனலாம்.

தனியார் கொடை புகுவதும் இவ்விடைவெளியிலேயாம். இதற்குப் பழைய முன்னோடிகள் உண்டு. கண்ணாடிக் கலைஞரான லூயிஸ் கம்போட் ரிபனி 1918இல் நிறுவிய நிதியம், லோங் ஐலன்டில் இருந்த அவரது மாளிகையிலே இளங்கலைஞரைத் தங்கவைத்து ஆதரித்தது. 1940களில் அவ்வுடைமை விற்கப்பட, நிதியம் பணக்கொடை வழங்கும் அமைப்பாக மாறிற்று. ஓவியர் றொபேட் மதர்வெல் 1981இல் நிறுவிய டெடலஸ் நிதியமும், 1992இல் மறைந்த ஓவியர் ஜோன் மிற்செலின் பெயரால் 1993இல் அமைந்த நிதியமும் முதுமாணி மாணவரையே கருத்திற் கொண்டு கொடைகளை ஏற்படுத்தின. பின்னையது படிப்பை முடிப்போர்க்குத் தலைக்கு 15,000 டொலர் வீதம் பல ஆண்டுகள் வழங்கியது. ஓவியர் ஈட்டிய செல்வம் ஓவியர்க்கே திரும்புகின்றது என்ற வகையில் இவை போற்றத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இவ்விரு கொடைகளுக்கும் மாணவர் தாமே விண்ணப்பித்துவிட இயலவில்லை. கல்வி நிறுவனம் அவர்களைப் பெயர்குறித்து முன்மொழியவேண்டியிருந்தது.

இம்முறை எமக்கு ஓர் இலக்கிய வடிவத்தை நினைவூட்டுகின்றது. பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ, வழியில் எதிர்ப்பட்ட வறிய இரவலனைத் தன் புரவலனிடத்தே செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டிற் பாதி இவ்வகையைச் சார்ந்தது. பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுகிறான் என்ற அளவில், முன்மொழியும் பேராசிரியரும் ஆற்றுப்படுத்துவோரே. ஆனால், அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. ஆற்றுப்படையிலே வழி முழுவதும் வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றது: எந்த நிலத்தைக் கடப்பது, எங்கே உணவு கிடைக்கும், புரவலன் எத்தகையவன் என்பன யாவும் எதிர்ப்பட்ட எவனுக்கும் கூறப்படுகின்றன. அவன் எக்குலத்து ஆசானிடம் கற்றான் என்று எவரும் கேட்பதில்லை. அவனது வறுமையும் கலையுமே அவனுக்குரிய தகுதிகள். முன்மொழிவு முறையிலோ, உரிய பல்கலைக்கழகத்தின் உட்புறத்தே நிற்பவனுக்கே வழி தெரிகின்றது. புறத்தே நிற்பவனுக்கு வழியொன்று உண்டு என்பதே தெரியாமற் போகலாம்.

திறந்த வழி பண்டைக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. ஹார்லெமில் வாழ்ந்த கறுப்பினச் சிற்பி ஒகஸ்ரா சவேஜின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1923இல் பிரான்சிலே நடைபெறவிருந்த கோடைக்காலக் கலைப்பள்ளியொன்றுக்கு அவர் விண்ணப்பித்தபோது, நிறங் காரணமாக அமெரிக்கத் தெரிவுக்குழு அவரை மறுத்தது. 1929இல் றோசன்வால்ட் நிதியத்தின் உதவியுடன் அவர் பரிசு சென்று கற்றார். நாடு திரும்பித் தம் அயலிலுள்ள இளைஞர்க்குக் கற்பித்தார். அவ்விளைஞருள் ஒருவரான ஜேக்கப் லோறன்சை அரசின் கூட்டாட்சிக் கலைத்திட்டத்திற் சேர்ப்பிக்க அழைத்துச் சென்றார்; வயது போதாதென்று முதன்முறை மறுக்கப்பட்டது. வயது நிரம்பியதும், சவேஜ் மறவாது மீண்டும் அழைத்துச் சென்றார். 1938இல் லோறன்ஸ் சம்பளம் பெறும் ஓவியரானார். அவ்வேலை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீடித்தது. 1940இல் அதே றோசன்வால்ட் நிதியம் அவருக்குக் கொடை வழங்க, தென்மாநிலக் கறுப்பின மக்கள் வடக்கு நோக்கிப் பெயர்ந்ததைச் சித்திரிக்கும் அறுபது ஓவியங்களை அவர் 1941இல் முடித்தார். நியூயோர்க் நவீன கலைக்கூடமும் வாஷிங்டன் பிலிப்ஸ் கலைக்கூடமும் பப்பாதியாகப் பகிர்ந்து பேணும் அத்தொகுதி, இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியத்தின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்று. லோறன்ஸ் முதுமாணிப் பட்டதாரியல்லர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இன்றைய முன்மொழிவு முறையொன்றே அன்று வழியாக இருந்திருப்பின், அவர் அதன் வாயிலையே அடைந்திருக்கமாட்டார்.

இவ்வரலாற்றிலே தனியார் கொடையும் அரச ஊதியமும் ஒன்றையொன்று தாங்கி நின்றமை தெளிவு. அரச ஊதியத்தின் தன்மையை இவ்விடத்திற் சிறிது விளக்குதல் பொருத்தமாகும். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1935 முதல் 1943 வரை நடைபெற்ற கூட்டாட்சிக் கலைத்திட்டம் ஆயிரக்கணக்கான ஓவியரையும் சிற்பிகளையும் வாரச் சம்பளத்துக்கு அமர்த்தியது. வேலையற்றவர் என்பதே பெரும்பாலோர்க்கு வேண்டிய தகுதியாக இருந்தது. ஓவியர் தொழிலாளராகக் கருதப்பட்டமையால், தொழிற்சங்கம் அமைத்து உரிமை கோரவும் அவர்களால் முடிந்தது. ஜக்சன் பொலொக், லீ கிராஸ்னர், மார்க் றொத்கோ ஆகியோர் அத்திட்டத்திலே சம்பளம் பெற்றவர்கள். திட்டம் முடிவுற்ற 1943ஆம் ஆண்டிலேயே பொலொக் செல்வச் சீமாட்டியான பெகி குகன்ஹைமுடன் ஒப்பந்தஞ் செய்துகொண்டார். மாதம் 150 டொலர், விற்பனையால் ஈடாகாவிடின் ஓவியங்களே ஈடு. தொழிலாளராக இருந்தவர் புரவலரைச் சார்ந்தவரானார். கிராஸ்னரின் மறைவின் பின் அவரது விருப்பாவணத்தின்படி 1985இல் பொலொக்-கிராஸ்னர் நிதியம் தோன்றிற்று. அது தேவையையும் திறமையையும் நோக்கி, எந்நாட்டுக் கலைஞரும் விண்ணப்பிக்கத்தக்க வகையிலே கொடை வழங்குகின்றது. வறுமையை அறிந்தவர் வகுத்த விதியாகையால் அதிலே தேவை முதலிடம் பெறுகின்றது என நாம் கருதுகிறோம். அந்நிதியத்தின் செல்வத்துக்கு மூலமான ஓவியங்களை ஆக்கியவர்கள், தம் இளமையில் அரச சம்பளத்தால் உயிர் பிழைத்தவர்கள் என்பதை மறத்தலாகாது. இன்றைய தனியார் கொடையின் அடித்தளத்திலே நேற்றைய பொதுப்பணம் உண்டு.

இதனால் அரச ஆதரவு குற்றமற்றது எனக் கொள்ளல் பொருந்தாது. கலைத்திட்டம் கலைக்கப்பட்ட பின்னர், எஞ்சிய ஓவியச் சீலைகள் பல கழிவுப்பொருளாக எடைக்கு விற்கப்பட்டன. 1965இல் நிறுவப்பட்ட தேசியக் கலைக் கொடையகம், கலைஞர் தாமே விண்ணப்பிக்கவும் சக கலைஞர் குழுக்கள் தெரிவுசெய்யவும் வழிவகுத்தது. ஆயின், 1989இல் அன்ட்ரெஸ் செறானோ, றொபேட் மேப்பிள்தோர்ப் ஆகியோரின் படங்களை முன்னிட்டு எழுந்த அரசியற் கண்டனமும், 1990இல் மேடைக் கலைஞர் நால்வரின் கொடை மறுக்கப்பட்டமையும் கொடையகத்தை நடுங்கவைத்தன. 1995இல் கொங்கிரஸ், சில துறைகள் நீங்கலாக, தனிக் கலைஞர்க்கான கொடைகளை நிறுத்திற்று. ஓவியரும் சிற்பிகளும் அன்றோடு அவ்வாதரவை இழந்தனர். 1999இல் வோஹோல் நிதியத்தின் துணையுடன் தோன்றிய கிறியேற்றிவ் கப்பிற்றல் என்னும் தனியார் அமைப்பு, அவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்பும் பொருட்டே எழுந்தது. விண்ணப்ப வாயிலையும் அது திறந்து வைத்தது. அரசு அஞ்சி விலகிய இடத்திலே தனியார் துணிந்து நின்றனர் என்பதை முற்போக்காளரும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

எனினும், தனியார் கொடை என்பது எவ்வளவுக்குத் தனியாருடையது? அமெரிக்காவில் 1917 முதல் அறக்கொடைக்கு வருமான வரிச்சலுகை உண்டு. செல்வர் நிதியத்துக்கு அளிக்கும் தொகையிலே ஒரு பகுதி, இன்றேல் அரச திறைசேரியைச் சேர்ந்திருக்கும். இதனை உணர்ந்தே 1969ஆம் ஆண்டு வரிச்சட்டம், தனியார் நிதியங்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு செலவிடல் வேண்டும் என விதித்தது. மறுபுறம், 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தத்தின் பின்னர், பட்டம் முடித்த கலைஞர் பெறும் கொடை பொதுவாக அவரது வரிக்குரிய வருமானமாகவே கொள்ளப்படுகின்றது. கொடுப்பவர்க்குச் சலுகை, பெறுபவர்க்கு வரி. பொதுப்பணத்தின் பங்கு இவ்வாறு கலந்திருக்கையில், தெரிவுசெய்வோர் யார், எவ்வளவுகோலாற் தெரிகின்றனர் எனக் கேட்கும் உரிமை பொதுமக்களுக்கும் உண்டு என்பது எமது துணிபு.

கொடை பெற்றவனின் நாவுக்கு நேர்வது யாது என்பது மற்றொரு வினா. வலிநீக்கி மருந்தொன்றினால் விளைந்த பேரழிவுக்குப் பொறுப்பாகக் கருதப்பட்ட சக்லர் குடும்பத்தின் கலைக் கொடைகளை எதிர்த்து, புகைப்படக் கலைஞர் நான் கோல்டின் 2017இல் இயக்கமொன்றைத் தொடங்கினார். 2019இல் லூவர் அருங்காட்சியகமும், 2021இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகமும் அப்பெயரைத் தம் கூடங்களிலிருந்து அகற்றின. அவ்வாறு பேசியவர் அவ்விடங்களிலே ஏற்கெனவே இடம்பெற்ற புகழ்மிக்க கலைஞர். கடனோடு வெளியேறி, அடுத்த முன்மொழிவுக்காகக் காத்திருக்கும் இருபத்தாறு வயதுப் பட்டதாரி அவ்வாறு பேசத் துணிவாரா? எந்த நிதியமும் அவரைப் பேசாதே என்று கட்டளையிடவேண்டியதில்லை. வாயில் எவர் கையில் இருக்கின்றது என அவர் அறிந்திருப்பதே போதும்.

ஆகவே, இக்கொடைகளைப் புறக்கணிக்குமாறு இளங்கலைஞர்க்கு உபதேசிப்பது எம்மனோர்க்கு அழகன்று. பட்டினியை மற்றவர்க்குப் பரிந்துரைப்பது எளிது. விமர்சகர் செய்யத்தக்கது வேறு. கொடைப் பணத்தின் மூலம் யாது, வாயில் எவர்க்குத் திறந்துள்ளது, பெற்றவர் எவ்வளவு சுதந்திரமாகப் பேச முடிகின்றது என்னும் மூன்று வினாக்களையும் படைப்பின் அழகு பற்றிய வினாக்களோடு ஒருங்குவைத்து எழுப்புதல் வேண்டும். றோசன்வால்ட் நிதியம், நிறுவியவரின் எண்ணப்படியே தன் பணம் முழுவதையும் செலவிட்டு 1948இல் முடிவுற்றது. ஆனால், அது ஆதரித்த சவேஜ் ஓர் இளைஞனை இருமுறை கையோடு அழைத்துச் சென்று நிறுத்தியது புரவலர் ஒருவரின் முன்னிலையில் அன்று. எவரும் வேலை கேட்கக்கூடிய ஓர் அலுவலகத்தின் முன்னிலையிலாம். அத்தகைய பொது வாயில் ஒன்று இருக்கும்வரை தனியார் கொடை கலைஞனுக்குத் துணை. அது அடைபட்டபின், அக்கொடையே அவனுக்கு விதியாகிவிடுகின்றது.