சீசன் கூட்டத்தில் பிட்சாட்

சாரல் சீசனில் ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் மெயின் அருவிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். போனில் சிக்னல் கம்பிகள் முழுசாக நிற்கும். அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி மட்டும் கடிகாரக் குறியோடு கிடக்கும். இருக்கிற டவரை ஆயிரக்கணக்கான போன்கள் பங்குபோட்டால் வேறென்ன நடக்கும்? டவரே வேண்டாம், சுற்றியிருக்கும் போன்களே போதும் என்று சொல்கிற செயலியைச் சோதிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. அதனால் வீட்டு ஆட்கள் எல்லார் போனிலும் பிட்சாட்டை ஏற்றிக்கொண்டுதான் குற்றாலத்துக்குக் கிளம்பினோம்.

ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் டார்சி 2025 ஜூலையில் வெளியிட்டது இது. போன் நம்பர் கேட்காது, மின்னஞ்சல் கேட்காது, பாஸ்வேர்டு கிடையாது. ஒரு போனின் புளூடூத் பக்கத்துப் போனைப் பிடிக்கும், அது அதற்கடுத்ததைப் பிடிக்கும். ஒரு செய்தி இப்படி அதிகபட்சம் ஏழு தாவல் தாவும். தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் 'அரட்டை' இதற்கு நேர் எதிர்: நம்பர் கொடுத்துத்தான் நுழையணும், செய்தி நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் போகும். பிட்சாட்டில் நடுவில் யாரும் இல்லை. அதுதான் அதன் பலம், பலவீனமும் அதுவே.

நிறுவுவது சுலபம். ஆண்ட்ராய்டில் இருப்பிட அனுமதி கேட்கும்போது மட்டும் யாருக்கும் கை தயங்கும். பெயர் தெரியாமல் பேச வந்த இடத்தில் இருப்பிடம் எதற்கு? புளூடூத்தில் அக்கம்பக்கம் தேட ஆண்ட்ராய்டு அந்த அனுமதியைக் கேட்கிறது. பேட்டரி சேமிப்பிலிருந்தும் விலக்கு கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் திரை அணைந்ததும் செயலி தூங்கிவிடும். திறந்தால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, பழைய ஐஆர்சி அரட்டை அறைகளின் சாயல். 'அனான்' என்று போட்டு நாலு எண்ணைச் சேர்த்துத் தானாகவே ஒரு பெயர் தந்துவிடுகிறது. எங்கள் குழுவில் யாரும் அதை மாற்றவில்லை. பத்து நிமிஷத்தில் மச்சினன் கேட்டான்: "அத்தான், இந்த அனான் யாரு? நம்ம ஆளா, வெளியாளா?" முதல் வேலையாக எல்லாரையும் பெயர் மாற்றச் சொல்லவேண்டியதாயிற்று.

குற்றாலநாதர் கோயில் பக்கம் ஒருவர், பஜாரின் நடுவில் ஒருவர், வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் என்று நின்று பார்த்தோம். நடுவில் நிற்கிற போன்தான் அஞ்சல்காரர். அவர் ரோட்டோரம் நின்றவரையில் செய்தி தட்டியதும் போய்ச் சேர்ந்தது. சூடாக நேந்திரம் சிப்ஸ் போடுகிறார்கள் என்று அவர் ஒரு கடைக்குள் நுழைந்தார், சங்கிலி அறுந்தது. வெளியே வந்ததும் ஒட்டிக்கொண்டது. வெட்டவெளியில் நன்றாக எட்டுகிற புளூடூத், நெருக்கியடித்த ஆட்களுக்கு நடுவே வேகமாகச் சுருங்கிவிடுகிறது. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்; இந்த அலைவரிசையை உறிஞ்சிக்கொள்வதில் தண்ணீர் கெட்டி.

இதைவிடப் பெரிய சிக்கலை அருவிக்கரையில்தான் கண்டோம். குளிக்கிறவன் கையில் போன் இருப்பதில்லை! லாட்ஜிலோ, காரிலோ, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அத்தையிடமோ இருக்கும். கண்ணுக்குத் தெரிவது ஆயிரம் தலை. திரையின் மூலையில் காட்டும் எண்ணிக்கையில் எங்கள் ஆட்களைத் தவிர யாருமில்லை. கூட்டம் இருந்தால் போதாது, அந்தக் கூட்டம் இந்தச் செயலியை வைத்திருக்கணும். 2025 செப்டம்பரில் நேபாள அரசு சமூக ஊடகங்களைத் தடை செய்தபோது அங்கே ஏராளமானோர் ஒரே சமயத்தில் இதை இறக்கினார்கள். குற்றாலத்தில் அப்படியொரு அவசியம் யாருக்கும் வரவில்லை.

அவசரத்துக்கு உதவுமா? 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அன்றைக்கு இது இருந்திருந்தால் என்று யோசிக்கத் தோன்றும். ஆனால் பொது அறையில் யாரோ ஒரு அனான் "மேல தண்ணி ஏறுது" என்று தட்டினால் நம்புவீர்களா? விளையாட்டுக்குத் தட்டியிருந்தால் ஈரப் படிக்கட்டில் நெரிசல்தான் மிச்சம். மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் போலீஸ்காரர் விசில் ஊதுகிறார், எல்லாரும் ஏறிவிடுகிறார்கள். ஊதுகிறவர் யார் என்று தெரிவதால்தான் அது வேலை செய்கிறது. பெயரில்லாத வலைப்பின்னலால் இதை ஈடுகட்ட முடியாது என்பதே என் கருத்து.

ரகசியம் காக்குமா? தனிச்செய்திகளுக்குக் குறியாக்கம் உண்டு. வெளியான சில நாட்களிலேயே, ஒருவர் இன்னொருவராக நடிக்க இடமிருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் ராடோச்சியா காட்டினார்; வெளியார் தணிக்கை இன்னும் நடக்கவில்லை என்று டார்சியும் எச்சரிக்கை சேர்த்தார். பிறகு குறியாக்க முறையை மாற்றினார்கள். உயிர்போகிற ரகசியத்தை இதில் அனுப்பத் துணியமாட்டேன். இதே வகையில், 2018இல் முதல் முழுப் பதிப்பு வந்த பிரையர் நிதானமான செயலி. பக்கத்தில் புளூடூத், தூரத்துக்கு டார் வலைப்பின்னல் என்று இரண்டும் வைத்திருக்கிறது, நேரில் கியூஆர் ஸ்கேன் செய்து ஆளை உறுதிசெய்யலாம். ஆனால் 2023 மே மாதம் மத்திய அரசு தடை செய்த 14 செயலிகளில் அதுவும் ஒன்று. ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம்.

குடும்பத்தோடு, நண்பர்களோடு போகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ள பிட்சாட் தாராளமாகப் போதும். அருவிக்கு இறங்கும் முன்பே, லாட்ஜ் வைஃபையில் எல்லார் போனிலும் ஏற்றிவிடுங்கள். ஆளுக்கொரு பெயர் வைத்து, நட்சத்திரத்தைத் தட்டி வேண்டியவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் செயலிப் பெயரை மூன்று முறை தட்டினால் அத்தனையும் அழிந்துவிடும். போராட்டக்காரருக்கு அது பாதுகாப்பு. போனைக் குழந்தை கையில் கொடுக்கிற வீட்டில், பெயர் வைக்கும் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கணும்.