உயிரோடு இருப்பவளுக்கு உடைத்த குடம்

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் ஜன்னலைத் திறந்தால் ஓசூர் ரோட்டு லாரிச் சத்தம்தான். இறுக்கச் சாத்திவிட்டு ‘கடசிராத்தா’ என்ற கன்னடப் படம் பார்க்க உட்கார்ந்தேன். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கும் அளவுக்குத்தான் என் கன்னடம். மலநாட்டு அந்தணர் பேச்சு பாதிதான் பிடிபட்டது. அதனால் நஷ்டமில்லை. படத்தில் வரும் சிறுவன் நானிக்கும் நடப்பது பாதிதான் புரிகிறது.

யு.ஆர். அனந்தமூர்த்தியின் குறுநாவலைக் கிரீஷ் காசரவள்ளி 1977இல் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருடைய முதல் முழுநீளப் படம். தேசிய விருதில் தங்கத் தாமரையே கிடைத்தது. பி.வி. காரந்தின் இசைக்கும், நானியாக நடித்த அஜித் குமாருக்கும் தனித்தனி விருதுகள்.

வேதம் படிக்க உடுப்பரின் வீட்டில் விடப்படும் பையன் நானி. மூத்த மாணவர்கள் அவனைப் படுத்துகிறார்கள். அணைத்துக்கொள்பவள் உடுப்பரின் விதவை மகள் யமுனா மட்டும். அவள் கர்ப்பமாகிறாள். அக்ரகாரம் மோப்பம் பிடிக்கிறது. பாம்புப் புற்றுக்குள் அவள் கையை விடும்போது நமக்குக் காரணம் தெரியும், பையனுக்குத் தெரியாது. அவனிடம் இருப்பது பயமும் பாசமும்தான். விளக்கம் சொல்ல ஒரு பெரியவரை நிறுத்தியிருந்தால் படம் அங்கேயே செத்திருக்கும். காசரவள்ளி நிறுத்தவில்லை.

குறுநாவலைத் திரைக்குக் கொண்டுவர வழிகள் பல. ‘வெனிஸில் மரணம்’ எடுத்த இத்தாலியர் விஸ்கோன்டி, தாமஸ் மன்னின் எழுத்தாளனை இசையமைப்பாளனாகவே மாற்றிவிட்டார். நம் மகேந்திரன் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து விதையை மட்டும் எடுத்து ‘உதிரிப்பூக்கள்’ வளர்த்தார். காசரவள்ளியோ கதையின் கண்ணை அப்படியே வைத்துக்கொண்டார். எனக்கு இதுதான் கடினமான வழியாகப் படுகிறது. ‘எனக்குப் புரியவில்லை’ என்று எழுத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். திரையில் அதை ஒரு குழந்தையின் முகம் சுமக்க வேண்டும், எஸ். ராமச்சந்திராவின் கேமரா அந்த முகத்துக்காகக் காத்திருக்கிறது.

கொள்ளிக்குடம் உடைப்பது நமக்குத் தெரிந்த சடங்கு. இங்கே மகள் உயிரோடு இருக்க, தகப்பனே அவளுக்கு ஈமச்சடங்கு செய்து குடத்தை உடைக்கிறார். சாதியை விட்டு விலக்க அதுவே முறையாம். யமுனாவாக மீனா குட்டப்பா அழுது தீர்ப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை வெறுமையாக்கிக்கொண்டே போகிறார்.

புதுப்பிக்கப்பட்ட பிரதியை 2024இல் வெனிஸ் விழாவில் திரையிட்டார்கள். அந்தக் கடைசிக் காட்சியை அங்கிருந்தவர்களும் பார்த்திருப்பார்கள்: அப்பாவோடு ஊர் திரும்பும் நானி, மரத்தடியில் தலை மழிக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் யமுனக்கா.