புதையல் யாருக்கு?

களிப்பு என்றாலே கடுகடுக்கும் திறனாய்வாளர் சிலர் உளர். திரையில் கண்ணீர் வழிந்தால் கலை என்பர். சிரிப்பு எழுந்தால் சிறுபிள்ளைத்தனம் என்பர். வாரமெல்லாம் உழைத்தவன் ஓய்வு நாளில் புதையல் வேட்டைப் படமொன்றைக் கண்டு மகிழ்ந்தால், சுவை அறியாதவன் என்று தீர்ப்பும் எழுதிவிடுவர். 1886-ஆம் ஆண்டு மே முதல் நாள் சிகாகோ வீதிகளில் திரண்ட தொழிலாளர், உழைப்புக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு கேட்டது எதற்காக? உறங்குவதற்கு மட்டுமா? விரும்பியதைச் செய்து வாழ்வதற்கும் அன்றோ! ஓய்வு உரிமை எனில், அந்த ஓய்வில் சிரிப்பதும் உரிமையே.

ஐந்து நாள் கரும்பலகையோடும் விடைத்தாள் கட்டோடும் போராடியபின் நாம் கண்ட படம் 'நேஷனல் டிரஷர்'. 2004-இல் வெளிவந்தது, ஜான் டர்ட்டில்டாப் இயக்கியது, நிக்கோலஸ் கேஜ் நடித்தது. களைப்புத் தீர்ந்தது, மறைப்பானேன்? ஆனால், எதனால் தீர்ந்தது என்று கேட்பதே திறனாய்வின் கடமை.

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் பின்புறத்தில், கண்ணுக்குப் புலனாகாத மையால் புதையலுக்கு வழி எழுதப்பட்டிருக்கிறதாம்! கயவர் கூட்டம் அதைத் திருடுமுன் காப்பதற்காகப் பெஞ்சமின் கேட்ஸ் தானே திருடுகிறான்! உண்மை ஆவணத்தின் பின்புறத்தில் இருப்பதோ, அதன் பெயரையும் 1776 ஜூலை 4 என்ற நாளையும் கூறும் குறிப்பு மட்டுமே. படம் கதை அளக்கிறது. அளக்கிறோம் என்று கண்சிமிட்டிக்கொண்டே அளக்கிறது. ஆகவே அது பொய்யன்று, விளையாட்டு.

இவ்வகைப் படங்களுள் புகழ்பெற்றது, ஸ்பீல்பெர்க் 1981-இல் அளித்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்'. விறுவிறுப்பில் அதற்கு இது ஈடாகாது. ஆயினும் அங்கே பகைவரை எரிப்பது பேழையிலிருந்து எழும் தெய்வச் சினம். வீரனோ கட்டுண்டு கண்களை மூடிக்கொள்கிறான். இங்கே கண்ணைத் திறந்தவனுக்கே வழி. எலுமிச்சைச் சாறும் வெப்பமும் மறைந்த எழுத்தை வெளிப்படுத்துகின்றன. கோபுரத்தின் நிழல் இடத்தைக் காட்டுகிறது. அந்த நிழலுக்குரிய நேரம் கடந்துவிட்டதென்று கேட்ஸ் கலங்கும்போது, கேலிக்கே ஆளாகிவந்த தோழன் ரைலி முன்வருகிறான். கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் வழக்கம் முதல் உலகப் போர்க் காலத்தில் அல்லவா வந்தது? முன்னோர் குறித்த 2:22, இன்று 3:22 அன்றோ? மேதை அறியாததைத் தோழன் அறிந்திருக்கிறான். அறிவு ஒருவர்க்கே உரிய பட்டா நிலமன்று என்பதைச் சிரிப்பினூடே சொல்லிவிடும் இடம் அது.

குறை இல்லையோ? உண்டு. பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேருள் இறுதியாக மறைந்தவர் சார்லஸ் கரோல். 1832-இல் அவர் குதிரை லாயச் சிறுவன் ஒருவனிடம் இரகசியத்தை ஒப்படைத்ததாகக் கதை தொடங்குகிறது. பெரியவர் காத்த செய்தி பணியாளன் குடிவழியில் வாழ்கிறது, நல்ல கற்பனை. ஆனால், வரலாற்றுக் கரோல் நூற்றுக்கணக்கான மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர். மாந்தர் அனைவரும் சமம் என்ற ஆவணம் எழுந்தபின், அந்நாட்டு அரசியல் சட்டம் அடிமைமுறையை ஒழிக்க 1865 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆவணத்தைப் போற்றிப் போற்றிப் பேசும் படம், இதுபற்றி வாய் திறக்கவில்லை. வேடிக்கைப் படத்திடம் இதையெல்லாம் கேட்கலாமா என்பர். ஒரு பாகம் விரிவுரை வேண்டா. ஒரு வரி போதும். சிரிக்க வந்தவன் சிந்திக்க மாட்டான் என்று கருதுவது அவனை இழிவுபடுத்துவதாகும்.

முடிவுதான் இப்படத்தின் பெருமை. ஸ்பீல்பெர்க்கின் பேழை, பெட்டியில் அடைபட்டு அரசாங்கக் கிடங்கில் மறைகிறது. கேட்ஸ் கண்ட செல்வமோ வாஷிங்டன், பாரிஸ், கெய்ரோ நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குச் செல்ல வேண்டுமென அவனே கேட்கிறான். பத்து விழுக்காடு தர முன்வந்தும் ஒரு விழுக்காடே பெறுகிறான். ரைலி முணுமுணுக்கிறான், நாம் சிரிக்கிறோம். தேடியவன் உடைமையாகாமல் மக்கள் பார்வைக்குப் பொருள் வந்து சேர்கிறது.

எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. எகிப்தியன் செதுக்கிய சிலை கெய்ரோவுக்குச் செல்வது முறை. பாரிசுக்கும் வாஷிங்டனுக்கும் செல்பவை எவர் கைவண்ணம்? எந்த மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவை? கண்டெடுத்தவனின் பேராசையை வென்ற படம், படைத்தவனின் உரிமை வரை நடக்காமல் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதி வழியையும் நடக்கும் புதையல் வேட்டைப் படம் ஒன்று வரட்டும். அதுவும் இதைப்போலவே சிரிக்க வைக்கட்டும். உழைத்துக் களைத்தவர் கூட்டம் அதற்குக் கைதட்டத் தவறாது!