புகழ்ச்சியும் நகதும்: ராஜம் கிருஷ்ணன் நூற்றாண்டில் ஒரு சிந்தனை

தமிழ்ப் புதின உலகில் தமக்கென ஒரு தடம் பதித்துச் சென்ற ராஜம் கிருஷ்ணன் அவர்கள் பிறந்து, 2025-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5-ஆம் நாளோடு நூறு ஆண்டுகள் நிறைவெய்தின. காவிரிக் கரையிலுள்ள முசிறியில் பிறந்த அவருக்கும் நீலமலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. மின்துறைப் பொறியாளரான கணவரோடு இம்மலையில் வாழ்ந்த நாளில் அவர் கண்டும் கேட்டும் திரட்டியவற்றின் விளைவே, 1963-இல் நூலாக வெளிவந்த ‘குறிஞ்சித் தேன்’. படகர் இன மக்களின் மூன்று தலைமுறை வாழ்வைச் சொல்லும் புதினம் அது. ஆகவே நூற்றாண்டு விழா என்ற பேச்சு எழும்போது, உதகையும் குன்னூரும் கோத்தகிரியும் அதில் தமக்கும் பங்குண்டு என்று உரிமை கொண்டாடுவது முறையே.

விழா எடுப்பதை நாம் குறை கூறவில்லை. மவ்லிது ஓதியும் கந்தூரி நடத்தியும் பெரியோரை நினைவு கூர்ந்து பழகிய சமுதாயம் நம்முடையது. நம் கவலை வேறொன்றைப் பற்றியது. அண்மையில் இம்மலையில் நடந்த ஒரு நினைவுக் கூட்டத்திற்கு நாமும் சென்றிருந்தோம். ஐவர் பேசினர். குறிஞ்சி மலரை உவமை காட்டாமல் ஒருவரும் தம் உரையை முடிக்கவில்லை. மாலை இருந்தது, பொன்னாடை இருந்தது, நூலின் படி ஒன்றேனும் மேடையில் இல்லை. கூட்டம் கலைந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், ஒரு ஹட்டியிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவர் நம்மிடம், “ஐயா, அந்தக் கதையில் எங்கள் மக்களைப் பற்றி அவர் என்னதான் எழுதியிருக்கிறார்?” என்று கேட்டார். இரண்டு மணி நேரப் பேச்சில் அந்த மாணவருக்கு விடை கிடைக்கவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததையே ஈண்டு எழுதுகிறோம்.

அரபு மொழியில் திறனாய்வை ‘நக்து’ என்பர். நல்ல திர்ஹத்தையும் கள்ளத் திர்ஹத்தையும் தட்டிப் பார்த்துப் பிரிக்கும் நாணயக்காரனின் தொழிலிலிருந்து இலக்கியத்திற்கு வந்த சொல் அது. அதுவே ‘நகது’ என்று நம் பழைய கணக்கேடுகளில் புகுந்து, ரொக்கத்தைக் குறித்தது. புகழ்ச்சி கடன் சீட்டைப் போன்றது. பின்னொரு நாள் படிப்போம் என்ற வாக்குறுதி மட்டுமே அதில் இருக்கிறது. மதிப்பீடோ கையோடு எண்ணித் தரும் நகது. ஹதீஸ் கலையைக் கட்டி எழுப்பிய இமாம்கள், தாம் பெரிதும் மதித்த அறிவிப்பாளரிடத்தும் நிறையைச் சொன்ன நாவாலேயே குறையையும் சொன்னார்கள். அதை அவமதிப்பாக அவர்கள் கருதவில்லை. அமானிதத்தை நிறைவேற்றுவதாகவே கருதினார்கள். ஓர் எழுத்தாளரின் நூறாம் ஆண்டில் அவருக்குச் செய்யத்தக்க மரியாதையும் அத்தகையதே.

“புதினம் பொய்க்கதை அன்றோ? மதரஸாவில் ஓதியவர்களுக்கு அதில் என்ன வேலை?” என்று நம்மவருள் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் ‘மகாமாத்துல் ஹரீரி’யை நினைத்துப் பார்க்க வேண்டும். அபூஸைத் என்னும் கற்பனை மாந்தனின் தந்திரங்களைத் தொடுத்த அந்நூலை, மொழியறிவுக்காகத் தலைமுறை தலைமுறையாக நாம் ஓதி வந்திருக்கிறோம். தமிழிலும் முதற் புதினமான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வந்து ஆறே ஆண்டுகளில், 1885-இல் சித்தி லெவ்வை அவர்கள் ‘அஸன்பேயுடைய கதை’யை வெளியிட்டு விட்டார்கள். ஆகவே புதினம் நம் வீட்டு முற்றத்திற்கு நேற்று வந்த விருந்தாளி அன்று.

இனி, ராஜம் கிருஷ்ணனின் தனிச்சிறப்பு யாது? பதினைந்து வயதில் மணமுடித்துக் கொடுக்கப்பட்டு, பள்ளிப் படிப்பு மிகுதியாக வாய்க்காத ஒரு பெண்மணி, தாமே கற்றுத் தேர்ந்து, எழுதப்போகும் மக்களைத் தேடித் தாமே சென்றார் என்பதே அது. ‘அலைவாய்க் கரையில்’ எழுத மீனவர் குப்பங்களுக்கும், ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்கும், ‘சேற்றில் மனிதர்கள்’ எழுத வயல் வரப்புகளுக்கும் அவர் போனார். ‘கூட்டுக் குஞ்சுகள்’ தீப்பெட்டித் தொழிலில் வாடும் சிறாரின் கதை. ‘முள்ளும் மலர்ந்தது’ என்னும் நூலுக்காகச் சம்பல் பள்ளத்தாக்கு வரை சென்றார். 1973-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற ‘வேருக்கு நீர்’ பலரும் அறிந்தது. அந்த நெடும் பயணங்களுக்கெல்லாம் முன்னோடியாக அமைந்தது நீலமலையில் பிறந்த ‘குறிஞ்சித் தேன்’.

இவ்விடத்தில் நமக்கு நினைவு வருவது ‘ரிஹ்லா’. நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், ஒரேயொரு நபிமொழியை அதைக் கேட்டவரின் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து, ஷாம் நாட்டில் இருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாயிலை அடைந்தார்கள். வழியில் கேள்விப்பட்டது போதும் என்று அவர்கள் நின்றுவிடவில்லை. நபிமொழியின் புனிதத்தோடு புதினத்தை நாம் ஒப்பிடவில்லை. ஆயினும், ஒரு செய்தியைச் சொல்லுமுன் அதற்குரியவரின் வாசலுக்குச் செல்ல வேண்டும் என்ற அறிவின் ஒழுக்கம் இரண்டிற்கும் பொதுவானது. நாற்காலியில் அமர்ந்து ஏழைகளைப் பற்றி எழுதியோர் பலர். அவர்களுக்கும் இவருக்கும் உள்ள தொலைவு அந்த ஒட்டகப் பயணத்தின் தொலைவே.

‘குறிஞ்சித் தேனு’க்குள் செல்வோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் நீலக் குறிஞ்சியே அப்புதினத்தின் நாழிகை வட்டில். பூப்புக்கும் பூப்புக்கும் இடையே குழந்தை இளைஞனாகிறது, இளைஞன் நரைக்கிறான், மலையின் முகமும் மாறுகிறது. தொடக்கத்தில் நாம் காண்பது சாமையும் கேழ்வரகும் விளைந்த மலை. எருமையும் பாலும் நிறைந்த வீடு. கோயில் தீ அணையாமல் காக்கத் தன் தாயின் மடியைப் பிரிந்து செல்லும் சிறுவன். பின்னர் உருளைக்கிழங்கு வருகிறது, தேயிலை வருகிறது, இரண்டுக்கும் பின்னே பணம் வருகிறது. மண்ணோடும் மரபோடும் நிற்கும் ஜோகி ஒரு பக்கம். பணத்தின் பாதையில் மேலேறும் ரங்கன் மறுபக்கம். ஒரே குருதியில் பிறந்த இவ்விருவரின் விலகலில், ஒரு மலையே இரண்டாகப் பிளப்பதை ஆசிரியர் காட்டிவிடுகிறார்.

இதைப் படிக்கும்போது அறிஞர் இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் வகுத்துரைத்த ‘அஸபிய்யா’ என்னும் கருத்து நம் முன் வந்து நிற்கிறது. எளிய வாழ்வு வாழும் குடிகளிடம் கூட்டுணர்வு வலுவாக இருக்கும். செல்வமும் சொகுசும் பெருகப் பெருக, தலைமுறைதோறும் அது தளரும் என்பது அவர் கண்ட உண்மை. அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கொண்டு அவர் நிறுவியதை, ராஜம் கிருஷ்ணன் ஒரு ஹட்டியின் அடுப்பங்கரையில் வைத்துக் காட்டுகிறார். பழங்காலத்தில் இம்மலையில் படகர் தானியம் தந்தனர். தோடர் பாலும் நெய்யும் தந்தனர். கோத்தர் மட்பாண்டமும் இரும்புக் கருவியும் தந்தனர். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் தந்தனர். காசு கைமாறாத அந்த உறவுக்குச் சந்தை விலை என்ற ஒன்று வந்தவுடன் என்ன நேர்ந்தது என்பதே கதையின் அடியோட்டம். பைகாராவில் 1932-இலும், பின்னர்க் குந்தாவிலும் நீரிலிருந்து மின்சாரம் எடுத்த காலம் அது. ஹட்டிக்கு வெளிச்சம் வந்தபோது தீக்காவலுக்கு என்ன பொருள் எஞ்சியது என்ற வினாவைப் புதினம் நம் நெஞ்சில் வைத்துச் செல்கிறது. அந்த மாணவருக்கு நாம் தரும் விடை இதுவே: உங்கள் பாட்டனார் எதை இழந்து எதைப் பெற்றார் என்ற கணக்கை அவர் எழுதியிருக்கிறார். வரவையும் மறைக்கவில்லை, செலவையும் மறைக்கவில்லை.

நிறையைச் சொன்ன நாம் குறையையும் சொல்ல வேண்டும். மலையின் அழகில் ஆசிரியர் மனம் சில இடங்களில் அளவு மீறித் தோய்ந்துவிடுகிறது. அங்கே மேகத்தையும் மலரையும் பார்ப்பது ஹட்டி மனிதனின் கண்ணா, வந்து தங்கியவரின் கண்ணா என்ற ஐயம் எழுகிறது. பிறந்து வளர்ந்தவனுக்கு மழை என்பது விளைச்சல். விருந்தினருக்கு அது காட்சி. படகச் சொற்கள் இடையிடையே மணம் தந்தாலும், மாந்தர் பேசும் மொழி பெரும்பாலும் எழுத்துத் தமிழை ஒட்டியே செல்கிறது. கதையின் நடுவில் நிற்பவர் படகர். தோடரும் கோத்தரும் குறும்பரும் தம் நெஞ்சைத் தாமே திறந்து பேசும் வாய்ப்பு அங்கில்லை.

அவ்வாறே தேயிலைத் தோட்டத்தின் லயங்களும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. இதை அவர் மீது குற்றமாகச் சுமத்துவது நீதியாகாது. ஒரு நூல் ஒரு மக்களைச் சொல்லும். ஆனால் நூல் வந்த மறு ஆண்டிலேயே, 1964-இல், சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இலங்கை மலைநாட்டில் தலைமுறைகளாக உழைத்த தமிழர் கூட்டங்கூட்டமாக இம்மலைக்கு வந்தனர். அவர்களுக்கு வேலை தரும்பொருட்டு 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெட்டியும் பிள்ளையுமாக வந்து இறங்கிய அந்த மக்களின் ‘குறிஞ்சித் தேன்’ எங்கே? ஆனைமலைத் தோட்டத் தொழிலாளரின் துயரைப் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் புதினமாக்கினார். ‘எரியும் பனிக்காடு’ என அது பின்னர்த் தமிழுக்கும் வந்தது. நீலமலை அதற்கு இணையான ஒன்றை இன்னும் வேண்டி நிற்கிறது. நம் சமுதாயத்தையும் கேட்டுக்கொள்வோம்: உதகைக் கடைவீதியிலும் குன்னூர்ச் சந்தையிலும் தலைமுறைகளாக வாணிகம் செய்தோர், கூடலூர்ப் பக்கம் காடு திருத்திக் குடியேறியோர் ஆகியோரின் கதையை நம்முள் யார் எழுதினார்? பிறர் எழுதவில்லை என்று வருந்தும் உரிமை, எழுதப் புறப்பட்டவனுக்கே உண்டு.

இன்னொன்றையும் மனம் கூசியே எழுத வேண்டியிருக்கிறது. எளியோரின் வாசல்களைத் தேடிச் சென்ற அந்த அம்மையார், தம் முதுமையின் கடைசி ஆண்டுகளைக் கணவரை இழந்து, முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலுமே கழித்தார். 2014 அக்டோபர் 20-ஆம் நாள், 88-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் வாழ்ந்திருக்கையிலேயே, 2009-இல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது போற்றத்தக்கது. ஆயினும் நூறாம் ஆண்டில் மாலையோடு வரும் நாம், எண்பதாம் ஆண்டில் எங்கே இருந்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளாமல் அந்த மாலையைப் படத்தில் சூட்டலாகாது.

நாட்டுடைமை என்பதற்கு, அந்த நூல்கள் இப்போது நம் அனைவருக்கும் உரியவை என்பது பொருள். ஆகவே விழாவுக்கு நாம் வேண்டுவன மிகச் சில. பொன்னாடைச் செலவில் ‘குறிஞ்சித் தேனை’ மலிவாக அச்சிட்டு, ஹட்டிகளின் படிப்பகங்களிலும் தோட்டப் பள்ளிகளிலும் வைக்கலாம். ஒரு மாலைப்பொழுதில் ஓர் அதிகாரத்தை உரக்கப் படித்து, படகர் முதியோரிடம் “இது மெய்தானா?” என்று கேட்கலாம். அவர்கள் தலையசைக்கும் இடமும் மறுக்கும் இடமும் எந்த ஆய்வுரையிலும் கிடைக்காத நக்து ஆகும். லயத்துப் பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைத் தந்து, பாட்டி எந்தக் கப்பலில் வந்தாள், எந்த முகாமில் தங்கினாள் என்று கேட்டு எழுதச் செய்யலாம். நம் ஜமாஅத்துகளும் இளைஞரிடம் அவ்வாறே சொல்லலாம்.

நூறு ஆண்டு என்பது குறிஞ்சிக் கணக்கில் எட்டுப் பூப்பும் நான்கு ஆண்டும். அடுத்த பூப்புக்குள் இம்மலையிலிருந்து ஒரே ஒரு பிள்ளை தன் மக்களின் வாசலுக்குச் சென்று, கேட்டு, அமானிதத்தோடு எழுதிவிடுமானால், ராஜம் கிருஷ்ணன் அவர்களின் நூற்றாண்டை நாம் உண்மையிலேயே கொண்டாடியவர்களாவோம். அதற்குரிய பொறுமையையும் நேர்மையையும் வல்ல இறைவன் நம் இளைய தலைமுறைக்கு அருள்வானாக!