பந்து இல்லாத பக்கம்

கடைசிப் பந்தில் ஆறு ரன் வேண்டும். ஹீரோ கிரீஸில் நிற்கிறார். கேலரியில் காதலி கைகூப்புகிறாள். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த அப்பா வீட்டு டிவி முன்னால் எழுந்து நிற்கிறார். பந்து ஸ்லோமோஷனில் வருகிறது. என்ன ஆகும் என்பது இடைவேளையில் பாப்கார்ன் விற்றவருக்கே தெரியும்.

இதில் தப்பொன்றும் இல்லை, நானும் விசிலடிக்கிற ஆள்தான். ஆனால் மைதானத்துக்கே போய்ப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் படங்களில் ஒரு குறை தெரியும். கால்பந்தில் இருபத்திரண்டு பேர் ஆடுகிறார்கள். பந்து ஒரு நேரத்தில் ஒருவர் காலில்தான் இருக்கும். மீதி இருபத்தொரு பேர் அப்போது என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பாதி ஆட்டம் அடங்கியிருக்கிறது. சேப்பாக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு பவுலர் திரும்பி நடக்கும்போது கேப்டன் யாரை நகர்த்துகிறார் என்பது தெரியும், பவுண்டரி ஓரத்தில் நிற்பவர் வெயிலில் வாடுவது தெரியும், பக்கத்து சீட்டுப் பெரியவர் போடும் சாபமும் கேட்கும். டிவியில் பந்து மட்டும்தான். நம் ஊர் விளையாட்டுப் படங்களில் பெரும்பாலானவை டிவியைப் பார்த்து எடுத்தவை.

பந்து இல்லாத பக்கத்தைக் காட்டும் படங்களும் உலகத்தில் உண்டு. ஈரான், பூட்டான், ருமேனியா என்று தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. ஒன்று நம் ராஜா அண்ணாமலைபுரத்திலும் இருக்கிறது. இந்த வாரப் பத்தி அவற்றைப் பற்றியது.

ஆரம்பிக்கும் முன் சினிமாப் பக்கத்தில் எழுதும் என் சகோதரர்களிடம் ஒரு சின்னச் சண்டை. மேட்ச் ரிப்போர்ட் எழுதுகிறவன் முதல் பத்தியிலேயே யார் ஜெயித்தார் என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் டெஸ்கில் திட்டு விழும். உலகப் படங்களைப் பற்றித் தமிழில் எழுதும் பலர் இயக்குநரின் ஊர், அவர் மேல் யாருடைய பாதிப்பு, எந்த விழாவில் எந்த விருது என்று எல்லாம் எழுதுவார்கள். படம் போரடிக்குமா, குழந்தைகளோடு பார்க்கலாமா என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஆபீஸ் முடிந்து பனகல் பார்க் நெரிசலில் நீந்தி வீட்டுக்கு வரும் ஒருவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தகவல்தான். நான் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் படம் ஜாஃபர் பனாஹியின் ‘ஆஃப்சைடு’, 2006. தாராளமாகப் பார்க்கலாம், சிரிக்கவும் செய்யலாம். ஈரானில் பெண்கள் ஆண்களின் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க மைதானத்துக்குள் போக முடியாத காலம். பனாஹியின் மகளையே உள்ளே விடவில்லை. படத்துக்கான பொறி அதுதான். 2005 ஜூன் 8-ல் டெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் ஈரானும் பஹ்ரைனும் மோதின. ஈரான் தோற்காமல் இருந்தாலே ஜெர்மனி உலகக்கோப்பைக்குப் போய்விடும். ஆண் வேடம் போட்டு உள்ளே நுழைய முயன்ற சில பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மைதானத்தின் பின்பக்கம் தடுப்புக்கம்பி போட்டு நிறுத்திவைக்கிறார்கள். காவலுக்குக் கட்டாய ராணுவ சேவையில் இருக்கும் பையன்கள்.

அவ்வளவுதான் கதை. ஆட்டம் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. நமக்கும் அந்தப் பெண்களுக்கும் கேட்பது கூட்டத்தின் சத்தம் மட்டும். சத்தம் ஏறினால் எல்லோரும் துடிக்கிறார்கள். பொறுக்க முடியாமல் ஒரு சிப்பாயையே எட்டிப்பார்த்து வர்ணனை சொல்லவைக்கிறார்கள். அவனுக்கோ ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. கேட்பவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது. காவல் பொறுப்பில் இருக்கும் இன்னொருவனுக்கு ஊரில் விட்டுவந்த கால்நடைகளைப் பற்றிய கவலை. ஒரு பெண்ணுக்கு அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டும். மைதானத்தில் பெண்கள் கழிவறையே கிடையாது. ஈரான் நட்சத்திர வீரர் அலி தாயி படம் போட்ட போஸ்டரை முகமூடியாக மாட்டிவிட்டு ஆண்கள் கழிவறைக்கு அழைத்துப்போகிறான் ஒரு சிப்பாய். உள்ளே இருப்பவர்களை விரட்டி, வருபவர்களைத் தடுத்து, அந்தப் பையன் படும் பாடு இருக்கிறதே! விளையாட்டுப் படங்களில் நான் பார்த்த மிகச் சிறந்த தடுப்பாட்டம் அதுதான்.

நடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். யாரும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சும்மா நிற்பதில்லை. ஒருத்தி சுவர்ப்பக்கம் காதைத் திருப்புவாள், இன்னொருத்தி சிப்பாயின் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். பாஸ் வராவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் முன்கள வீரர்களைப் போல. நம் படங்களில் ஹீரோ வசனம் பேசும்போது பின்னால் நிற்கும் அணித் தோழர்களைக் கவனியுங்கள், குரூப் போட்டோவுக்கு நிற்பது போலத்தான் நிற்பார்கள்.

ஆட்டத்தின் முடிவு இயக்குநர் கையில் இல்லை என்பது இந்தப் படத்தின் இன்னொரு விசேஷம். நிஜ ஆட்டம். நொஸ்ராதி 47-வது நிமிடத்தில் கோல் போட்டார், ஈரான் 1-0 என்று ஜெயித்தது. படத்தின் கடைசிப் பகுதியில் தெருவில் தெரியும் கொண்டாட்டத்தில் நடிப்பு எது, நிஜம் எது என்று பிரிக்க முடியாது. பெர்லினில் வெள்ளிக்கரடி வாங்கியது, சொந்த நாட்டில் தடை வாங்கியது. 2019 அக்டோபரில்தான் ஆசாதியில் ஒரு உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்துக்குப் பெண்களுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். கம்போடியாவை ஈரான் அன்று 14-0 என்று நொறுக்கியது.

அடுத்தது ‘த கப்’, 1999. வீட்டில் பத்து வயசுப் பிள்ளை இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள். எடுத்தவர் கியென்ட்சே நோர்பு, பூட்டானைச் சேர்ந்த லாமா. நடித்தவர்கள் நிஜ பிக்குகள், படமெடுத்த இடம் இமாச்சலத்தின் பீர் ஊரில் உள்ள மடாலயம். 1998 உலகக்கோப்பை நடக்கிறது. ஆட்டம் நள்ளிரவில். ஓர்க்யென் என்கிற குட்டி பிக்கு எப்படியாவது இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நிற்கிறான். வாடகை டிவிக்குக் காசு சேர்க்கிறார்கள், போதவில்லை. திபெத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் சின்னப் பையனின் கடிகாரம், அவன் அம்மா கொடுத்து அனுப்பியது, அடகுக்குப் போகிறது.

இங்கேதான் படம் தன் வேலையைக் காட்டுகிறது. பிரான்ஸும் பிரேசிலும் ஆடுகின்றன, ஆசைப்பட்டது கண்ணெதிரே ஓடுகிறது, ஆனால் ஓர்க்யெனால் பார்க்க முடியவில்லை. கடிகாரத்துக்குச் சொந்தக்காரப் பையனின் முகம் அவனைத் தொந்தரவு செய்கிறது. ஆட்டத்தின் கோல்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால் மங்கலாக விழுகின்றன. நம் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கிய அந்த இறுதி ஆட்டத்தை அன்று கண்விழித்துப் பார்த்தவர்கள் மயிலாப்பூரிலும் நிறையப் பேர். ஜிடான் தலையால் முட்டிய இரண்டு கோல்கள் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தப் படத்தைப் பார்த்தால் ஞாபகத்தில் ஒரு கடிகாரமும் சேர்ந்துகொள்ளும்.

ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வருவோம். 2007 ஏப்ரலில் வந்த ‘சென்னை 600028’-ஐ ‘உலகப் படம்’ என்று யாரும் சொல்வதில்லை. பாட்டு, காதல், கலாட்டா எல்லாம் உண்டு. ஆனால் பெரிய ஸ்டார் இல்லாமல், வெங்கட் பிரபு என்கிற புது இயக்குநர், எஸ்.பி.பி. சரணின் தயாரிப்பில் எடுத்த அந்தப் படம் செய்த காரியம் மேலே சொன்ன இரண்டுக்கும் பங்காளிதான். விசாலாட்சி தோட்டத்து ஷார்க்ஸ் அணி ஆடும் நேரத்தைவிட சுவரில் உட்கார்ந்து பேசும் நேரம் அதிகம். ராயபுரத்துப் பையன் ஒருவன் குடிமாறி எதிரி அணியின் தெருவுக்கே வந்துசேர்கிறான். அவன் படும் சங்கடம்தான் கதையின் அச்சு. பெட் மேட்சில் பொடியன்களிடம் தோற்று முழிக்கும் காட்சியை இன்றைக்கும் ஜனங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். யார் எந்தக் கோப்பையை வாங்கினார் என்று கேட்டுப்பாருங்கள், பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது.

சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் படம் ஏன் எடுபட்டது என்று விளக்க வேண்டியதில்லை. ஒரே மைதானத்தில் பல ஆட்டங்கள், ஒரு ஆட்டத்தின் ஸ்லிப் இன்னொரு ஆட்டத்தின் லாங் ஆன் பக்கத்தில் நிற்பார். மாங்கா போடுகிறான் என்று ஒரு தகராறு, காஜி விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இன்னொன்று. 2024-ல் ‘லப்பர் பந்து’ ஓடியதும் இந்த வழியில்தான். மாமனாருக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் நடுவே உள்ள மானப் பிரச்சினைதான் அதன் பிட்ச்.

இனி கொஞ்சம் கஷ்டமான ஆட்டங்கள். ‘ஜிடான்: இருபத்தோராம் நூற்றாண்டின் ஓர் உருவப்படம்’ 2006-ல் வந்தது. 2005 ஏப்ரல் 23 அன்று ரியல் மாட்ரிட் வில்லாரியலோடு ஆடியபோது, பதினேழு கேமராக்களை ஜிடான் மேல் மட்டும் திருப்பி வைத்தார்கள் டக்ளஸ் கோர்டனும் பிலிப் பரேனோவும். ஸ்கோர் கிடையாது, ரீப்ளே கிடையாது. அவர் நடக்கிறார், துப்புகிறார், ஷூ முனையால் புல்லைத் தேய்க்கிறார், சட்டென்று நாலு விநாடி மின்னுகிறார், மறுபடி நடக்கிறார். கடைசி நிமிடங்களில் ஒரு கைகலப்பில் போய் விழுந்து சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுகிறார். கான் விழாவில் இதைக் காட்டிய சில வாரங்களில், ஜூலை 9-ல், உலகக்கோப்பை இறுதியில் மாத்தெராஸியை முட்டிவிட்டு அதே மாதிரி வெளியேறினார். தீர்ப்பு: கால்பந்து ஆடியவர்களுக்குப் பாடம், மற்றவர்களுக்கு அரை மணி நேரத்தில் கொட்டாவி வரும். முதலில் இதைப் போட்டுவிட்டு ‘உலகப் படமே இப்படித்தான்’ என்று ஓடிவிடாதீர்கள்.

இதைவிட முரட்டுத்தனமானது ருமேனியாவின் கொர்னேலியு பொரும்பொயு 2014-ல் கொடுத்த ‘த செகண்ட் கேம்’. 1988 டிசம்பரில் புக்கரெஸ்டில் கொட்டும் பனியில் நடந்த ஸ்டீவா–டினாமோ ஆட்டத்தின் பழைய டிவி பதிவு முழுசாக ஓடுகிறது. அன்றைய நடுவர் இயக்குநரின் அப்பா. அப்பாவும் பிள்ளையும் அதைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள், அவ்வளவுதான் படம். ஆட்டம் 0-0. ஆனால் ஸ்டீவா ராணுவத்தின் அணி, டினாமோ போலீஸ் துறையின் அணி. சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ இன்னும் ஒரு வருஷம் இருந்தது. வீரர்கள் மல்லுக்கு நின்றால் டிவி கேமரா சட்டென்று கேலரியைக் காட்டிவிடுகிறது. சோஷலிச நாட்டில் சண்டை நடக்கக் கூடாதல்லவா! பந்து இல்லாத பக்கத்தைக் காட்டுவதிலேயே இப்படியும் ஒரு வகை இருக்கிறது.

இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது சேப்பாக்கம், 1986 செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவுடன் டை ஆன டெஸ்ட். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில், ஸ்கோர் சமமாக நிற்கும்போது, கிரெக் மாத்யூஸ் பந்தில் மனிந்தர் சிங்குக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்த நடுவர் விக்ரம்ராஜு. அதன்பின் அவர் எந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை. முதல் இன்னிங்ஸில் வாந்தியும் மயக்கமுமாக 210 அடித்த டீன் ஜோன்ஸைப் பற்றி எழுதித் தள்ளிவிட்டோம். அந்த விரலை உயர்த்திய மனிதரின் கண்ணால் அந்த ஐந்தாம் நாளைப் பார்க்கும் ஒரு படத்தைத் தமிழில் யாராவது எடுத்திருக்க வேண்டாமா? பட்ஜெட்கூட அதிகம் ஆகாது.

‘திம்புக்டு’ விளையாட்டுப் படமே இல்லை, ஆனால் அதில் ஒரு காட்சிக்காகச் சொல்கிறேன். அப்தர்ரஹ்மான் சிஸாகோவின் 2014 படம். தீவிரவாதிகள் பிடித்த ஊரில் கால்பந்துக்குத் தடை. பையன்கள் பந்தே இல்லாமல் ஆடுகிறார்கள். பாஸ், டைவ், கோல், கொண்டாட்டம் எல்லாம் உண்டு, பந்து மட்டும் இல்லை. ரோந்து வண்டி வந்ததும் உடற்பயிற்சி செய்வதுபோல நடிக்கிறார்கள். படம் முழுதும் கனமானது. சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

சரி, சென்னை ரசிகருக்கு இதெல்லாம் ஒத்துவருமா? வரும். 1999 ஜனவரி 31-ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. 271 எடுக்க வேண்டிய இடத்தில், முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தும், 258-ல் சுருண்டோம். தோற்ற ஊரின் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அக்ரம் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டது. ஸ்கோர்போர்டைத் தாண்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்த மைதானம் அது. சப்டைட்டில் படிக்க வேண்டுமே என்று தயங்குகிறவர்களுக்கு: ‘ஆஃப்சைடு’, ‘த கப்’ இரண்டிலும் வசனம் எளியது, பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். மேலே சொன்ன வெளிநாட்டுப் படங்கள் எல்லாமே ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பின்தான், ஏறக்குறைய ஒரு ஐபிஎல் இன்னிங்ஸ் அளவு நேரம் கேட்கும். எது எந்தத் தளத்தில் கிடைக்கும் என்று நான் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும், தேடிக்கொள்ளுங்கள்.

இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003-லிருந்து நடத்திவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவின் அமைப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் டிசம்பரில் ஒரு பிற்பகலை விளையாட்டுப் படங்களுக்கு ஒதுக்குங்கள். அன்றைக்கு மட்டும் டெலிகேட் அட்டை கேட்காமல், பள்ளி, கல்லூரி அணிகளில் ஆடும் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, உள்ளே விடுங்கள். முதல் படமாக ‘ஆஃப்சைடு’ போடுங்கள்.